மேற்பல்

என் மகளுக்கு மேற்பல் முதலில் முளைக்கிறது என்று ஒருநாள் பொய் சொன்னேன். ஒரு குழந்தையின் பல்லைப் பற்றிய பொய்யில் என்ன இருக்கிறது என்று வெளியூரார் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் மேற்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அந்தத் தாய்மாமன், என் மனைவியின் ஒரே தம்பி, கப்பலில் வேலை செய்பவன். விடுமுறையில் வந்து, அடுத்த கப்பலுக்கான தந்தியை எதிர்பார்த்து எங்களோடு தங்கியிருந்தான்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. உடுப்பிட்டியில் மனைவியின் சீதன வீட்டில் இருந்தோம். மாமியும் கூட இருந்தார். நான் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிள்ளை பகலில் சிரித்துக்கொண்டு கிடப்பாள். இரவானால் கண்மூடிக் கொஞ்ச நேரத்தில் விழித்து அழுவாள், பாலுக்கும் அடங்கமாட்டாள். வாய்நீர் வடிந்து சட்டை எந்நேரமும் நனைந்திருந்தது. கைக்கு எட்டியதையெல்லாம் கடித்தாள். பல்லுக்குத்தான் என்றார் மாமி. எனக்கு அந்த விடை போதவில்லை. பல்லென்றால் பகலிலும் நோகவேண்டாமா? வெக்கையா, வயிறா, வெளிச்சமா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். யன்னலைத் திறக்கச் சொன்னேன், விளக்கைத் தணிக்கச் சொன்னேன், ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். நான் சொன்னதோடு சரி. எழும்பித் தூக்கி உலாத்தியதெல்லாம் மனைவிதான்.

மச்சான் வந்த பிறகு எல்லாம் மாறிற்று. அவன் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தால் பிள்ளை தூங்கிப்போனாள். பல மாதங்களுக்குப் பிறகு மனைவி விடியும்வரை படுத்தாள். ஏன் அவன் தோளில் மட்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. கப்பலில் பழகிய அந்த அகன்ற நடையா? சுருட்டு மணமா? ஒருநாள் அவன் கழற்றிப்போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி, கால்களை அகட்டி ஆடி ஆடி நடந்து பார்த்தேன். அவள் என்னை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு வீரிட்டாள். மனைவி வாசலில் நின்று சிரித்தாள்.

"பனியனைப் போட்டால் போதுமே, மாஸ்ரர்? பிள்ளைக்கு ஆளைத் தெரியும்."

பகிடிதான்; மாஸ்ரர் என்பதும் அவள் பகிடிக்குக் கூப்பிடுவதுதான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மறுநாள் பின்னேரம், பல் எங்கே வருகிறதென்று பார்க்கச் சொன்னார் மாமி. விரலை விட்டுத் தடவினேன். பல் முளைக்கும் ஈறு, எங்கள் பேச்சில் முரசு, முழுவதும் வீங்கியிருந்தது; பல் எங்கும் தட்டுப்படவில்லை. "மேல் முரசிலை வெள்ளையாத் தெரியுது மாமி" என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

மாமியும் தடவிப் பார்க்க முயன்றார். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற மருமகன் இதில் போய்ப் பொய் சொல்வான் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது? உடனே முருகனுக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளையைத் தூக்காதே, முகத்தையும் பார்க்காதே என்று மகனிடம் கும்பிடாத குறையாகக் கேட்டார். கடலில் திரிகிற மகனல்லவா? அவன் பையை எடுத்துக்கொண்டு மயிலிட்டியில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான்.

அதன்பின் இரவுகள் முன்னைவிட மோசமாயின. ஒரு காலை மனைவி அடுப்புக்கு முன்னால் குந்தியபடியே தூங்கிவிட்டாள். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கஞ்சி பருக்கும்போது கரண்டி கிணுக்கென்றது. கீழ்ப்பல். மாமிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. நேர்த்தியால் மேற்பல் உள்ளே திரும்பிவிட்டது என்று அயலெல்லாம் சொல்லிக்கொண்டு, முதற்பல்லுக்குப் பிள்ளையின் தலையில் சொரிகிற பல்லுக்கொழுக்கட்டை அவிக்க நாள் குறித்தார். என் பொய்க்குக் கடவுளே சாட்சி சொன்னது போலாயிற்று. இனி நான் வாய் திறக்கவே தேவையில்லை. அந்த வசதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரமே சைக்கிளில் மயிலிட்டிக்குப் போனேன். கரையில் இழுத்துவிட்ட வள்ளமொன்றின் நிழலில் அவன் இருந்தான். தந்தி வந்துவிட்டதாம்; மாமி கொழுக்கட்டைக்குக் குறித்த அதே நாள் இரவு கொழும்புக்குப் புறப்படவேண்டுமாம். மேற்பல் எதுவும் இருக்கவில்லை, உன் தோளில் அவள் தூங்குவது எனக்குப் பொறுக்கவில்லை என்று நேரே சொன்னேன்.

"தெரியும் அத்தான். அண்டைக்கு வெளிக்கிட முதல் நானும் விரல் வைச்சுப் பாத்தனான். ஒண்டும் இல்லை."

"பிறகேன் போனனி?"

"நான் போறதுதானே உங்களுக்கு வேணும்."

வெட்கம் கெட்டு, அந்தக் கேள்வியையும் கேட்டேன். அவள் உன்னிடம் மட்டும் ஏன் தூங்கினாள்?

"நான் ஒண்டும் செய்யேல்லை. கப்பலிலை இராக்காவல் நிண்டு பழகி எனக்கும் நித்திரை வாறேல்லை. நீங்கள் தூக்கினால், உவள் எப்ப படுப்பாள் எண்ட அவசரம். எனக்கு என்ன அவசரம்?"

வீட்டுக்கு வந்து மனைவிக்கும் மாமிக்கும் சொன்னேன். மாமி எழுந்து உள்ளே போனார். மனைவி மட்டும், "என்ரை நித்திரையையெல்லோ எடுத்தனீங்கள்" என்றாள்.

கொழுக்கட்டை சொரிவதற்கு மாமனே வரவேண்டும் என்று கேட்டிருந்தேன், வந்தான். பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணியை விரித்து, கொழுக்கட்டைகளை நோகாமல் சொரிந்தான். பிறகு தூக்குவதற்குக் கை நீட்டினான். அவள் அவனை மறந்திருந்தாள். உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, என் பக்கம் தாவினாள். நான் பொய் சொன்னது இதற்காகத்தான். வாங்கிக்கொள்ளாமல் வேறென்ன செய்வது?

"இனி நீங்கள்தான் காவல், அத்தான்" என்று சிரித்துவிட்டு, கீழே கிடந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்துக் கடித்தான். இரவு ரயிலில் போய்விட்டான்.

அன்றிலிருந்து இரவில் நானே எழும்பினேன். மற்றப் பற்களும் வந்து முடியும்வரை முற்றத்தில் நடந்தேன். அவசரமில்லாமல் நடக்கக் கனகாலம் பிடித்தது. பழகிய பிறகு பிள்ளை என் தோளிலும் தூங்கினாள். உள்ளே மனைவி தூங்கினாளா, விழித்துக் கிடந்தாளா என்று நான் கேட்கவில்லை. பகிடிக்குக்கூட அவள் என்னை மறுபடி மாஸ்ரர் என்று கூப்பிடவில்லை.