மரப்பிடியின் சூடு

மெல்ரோய் தன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் அதைப் பார்த்ததெல்லாம் சோதனைச்சாவடிகளில்தான், அதுவும் குழாய் முனையின் பக்கமிருந்து. அப்படிப்பட்டவன்தான் ஹாங்க் என்ற பெயரில், எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்று அமெரிக்கர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பல வருடம் கிளார்க்காக இருந்தான். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கையில் மிஞ்சியது நல்ல ஆங்கிலம் ஒன்றுதான். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு எழுதத் தொடங்கினான். முதலில் மெத்தை, பிறகு நாய்ச் சாப்பாடு, பிறகு புல்வெட்டும் இயந்திரம். ஒருநாள் துப்பாக்கித் தளமொன்று அவனைப் பிடித்துக்கொண்டது. டெக்சாஸில் பண்ணை வைத்திருக்கும் வெள்ளை மீசைக்காரர் ஹாங்க் பிறந்தது அப்போதுதான். மனைவி சுரேகா பொரளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். "சாமான்களைப் பத்தி எழுதுறன்" என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

விடுமுறை நாளில் ரேஞ்ச் என்ற சுடுபயிற்சி மைதானத்துக்குப் போய்ச் சும்மா சுட்டுப் பழக விரும்புகிறவர், முதன்முதலாக எந்த ஏகே ரகத் துப்பாக்கியை வாங்கலாம்? இதுதான் அந்த மாதம் கொடுத்த தலைப்பு. மெல்ரோய் விழுந்து விழுந்து படித்தான். எந்த நாட்டுத் தயாரிப்பு நின்றுபிடிக்கும், எந்தத் துப்பாக்கி ரவை மலிவாகக் கிடைக்கும், மரப்பிடி நல்லதா பிளாஸ்டிக் நல்லதா, கடையிலேயே குறிமுள் நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதினான். விலை குறைந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று ஹாங்க் தன் மீசையைத் தடவிக்கொண்டு எச்சரித்தார்.

கட்டுரை திரும்பி வந்தது. "விபரம் எல்லாம் சரி. ஆனால் ஹாங்க் இதைக் கையில் பிடித்தவர் போலத் தெரியவில்லையே" என்று தளத்தின் ஆசிரியை எழுதியிருந்தாள்.

அதைக் கையில் பிடித்த ஒருவனை மெல்ரோய்க்குத் தெரியும். சுரேகாவின் தம்பி கார்த்திகன். கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிக்குமுன் இயக்கம் வந்து கூட்டிக்கொண்டு போனது. சண்டை முடிந்து, புனர்வாழ்வு முகாமிலும் இருந்து வெளியே வந்தவன், இப்போது வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குக் கிட்ட போன் திருத்துகிறான். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை, அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஒரு பின்னேரம் மெல்ரோய் வெள்ளவத்தைக்குப் போனான். கார்த்திகன் கடையைச் சாத்தியதும் இருவரும் ரயில்பாதையைக் கடந்து கடலோரக் கற்களில் உட்கார்ந்தார்கள். கட்டுரை விஷயத்தை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் கேட்பது என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். வாயில் வந்தது வேறு.

"தம்பி, நான் உன்னட்ட ஒருநாளும் கேட்டதில்ல. அந்த நேரம்… அந்தத் துவக்கு கையில இருக்கேக்க உனக்கு எப்பிடி இருந்துச்சு?"

கார்த்திகன் அவனைத் திரும்பிப் பார்த்தான். கடலைப் பார்த்தான். "ஏன் அத்தான் இப்ப கேக்கிறியள்?"

"சும்மா. தெரிஞ்சுகொள்ளத்தான்."

கார்த்திகன் மெதுவாகத் தொடங்கினான். முதல் நாள் தோளில் வார் வெட்டியது, கழற்றிப் பூட்டியதில் விரல் தோல் உரிந்தது, சுட்ட பிறகு காதுக்குள் நெடுநேரம் இரைந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு ரயில் சத்தம் போட்டுக்கொண்டு தெஹிவளைப் பக்கம் போனது. அது போய்முடிந்ததும் கார்த்திகன் குரலைத் தாழ்த்தினான்.

"சுட்டாப் பிறகு அந்த மரப்பிடி சூடாயிடும் அத்தான். மழைக்குள்ள, பங்கருக்குள்ள தண்ணி. உடுப்பெல்லாம் நனைஞ்சு நடுங்கிக்கொண்டு கிடப்பன். அந்தச் சூட்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு படுப்பன். அது நல்லா இருந்தது. ஆரையோ சுட்ட சூடு. ஆனா எனக்கு நல்லா இருந்தது. அதைச் சொல்ல வெக்கமா இருக்கு. அக்காவுக்கும் சொன்னதில்லை."

மெல்ரோய் அவன் முதுகில் கை வைத்தான். அந்த நேரம் அந்தக் கை பொய் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், மறந்துவிடுமே என்று, ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டதும் அதே கைதான்.

ஹாங்க் எழுதினார்: பனிக்காலத்துக் காலையில் ரேஞ்சுக்குப் போங்கள், சுட்டு ஓய்ந்ததும் அந்த மரப்பிடியை நெஞ்சோடு அணைத்துப் பாருங்கள், அந்த இதமான சூட்டுக்காகவே மரப்பிடி வைத்ததை வாங்கலாம்.

ஆசிரியை துள்ளிக் குதித்தாள். கட்டுரை வெளிவந்ததும் வாசகர்கள் அந்த வரியையே எடுத்தெடுத்துப் போட்டார்கள். அனுபவசாலி என்றால் இவர்தான் என்றான் ஒருவன். வாசிக்க வாசிக்க மெல்ரோய்க்குக் காது மடல் சுட்டது. கணினியை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினான்.

அடுத்த ஞாயிறு சுரேகா பூசைக்குப் போயிருந்த நேரம் கார்த்திகன் வந்தான். கையில் ஒரு பை நிறைய மீன் வைத்த மாலு பாண். அத்தானுக்கு விருப்பமென்று சூடாக வாங்கி வந்திருந்தான்.

"அண்டைக்குப் பிறகு எனக்கு நல்ல நித்திரை வருது அத்தான்" என்றான் உட்காரும்போதே. "இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டவை எல்லாம் விசாரணைக்குக் கேட்டவை. நீங்கள்தான் சும்மா கேட்டனீங்கள். இன்னும் ஒண்டு இருக்கு. என்னோட ஒருத்தன் இருந்தவன்…"

"பொறு தம்பி" என்றான் மெல்ரோய். இதையும் கேட்டுவிட்டால் பிறகு ஒருநாளும் தன் முகத்தையே பார்க்க முடியாது என்று தோன்றியது. "நான் சும்மா கேக்கல்ல."

கணினியைத் திறந்து காட்டினான். கார்த்திகனுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே மெல்ரோய்தான் தமிழில் சொல்லவேண்டி வந்தது. ஹாங்கின் பகிடிகளைச் சொன்னான், விலைகளைச் சொன்னான். மரப்பிடி வரிக்கு வந்தபோது திரையை மேலும் கீழும் நகர்த்தினான். கார்த்திகன் பொறுமையாகக் காத்திருந்தான். கடைசியில் மெல்ரோய் அதையும் சொன்னான்.

கார்த்திகன் திரையில் இருந்த வெள்ளை மீசைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஆள் ஆர்?"

"ஒருத்தரும் இல்ல. நான்தான்."

"இவருக்கு அது சந்தோசமா இருந்ததாமோ?"

மெல்ரோய் கணினியின் மூடியைப் பாதி சாய்த்தான்.

"மற்றதெல்லாம் இருக்கட்டும்" என்றான் கார்த்திகன். கோபம் இல்லை. போன் திருத்தக் கொடுத்தவரிடம் பேசுவது போன்ற குரல். "அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ அத்தான்."

அவன் போனதும் மெல்ரோய் ஆசிரியைக்கு எழுதினான். அந்த வரி என்னுடையது அல்ல, நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சினான். உடனே பதில் வந்தது. கட்டுரையில் உயிருள்ள வரி அது ஒன்றுதான், எடுக்கமாட்டோம், ஹாங்க் அடக்கமான மனிதர் என்று எழுதி ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தாள். அவன் மறுபடியும் எழுதினான், மறுபடியும் எழுதினான். பிறகு பதிலே வரவில்லை. அந்தத் தளத்துக்கு எழுதுவதை விட்டுவிட்டான். ஹாங்க் இன்னும் அங்கே இருக்கிறார். வேறு யாரோ அவர் பெயரில் எழுதுகிறார்கள்.

எடுக்கமாட்டார்களாம் என்பதை மெல்ரோய் வெள்ளவத்தைக்குப் போய் நேரில் சொன்னான். கார்த்திகன் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான். "சரி அத்தான்" என்றான். ஒரு திருகாணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். வேலையைத் தொடர்ந்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். சாப்பிடுகிறான், கிரிக்கெட் கதைக்கிறான், சுரேகாவுடன் சிரிக்கிறான். அத்தானுடன் தனியே இருக்கும்படி நேர்ந்தால் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறான். மெல்ரோயும் ஏதாவது சாட்டுச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுகிறான்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?" என்று ஒருநாள் சுரேகா கேட்டாள்.

"சண்டை ஒண்டும் இல்ல" என்றான் மெல்ரோய். அது உண்மைதான். சண்டையாக இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேசியிருக்கலாம். அவள் நம்பாமல் அவனைப் பார்த்தபடி நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மீண்டும் கழுவினான்.