ஈயம் இல்லை என்று சொன்ன வல்லிபுரம்

என் மருமகன் வல்லிபுரத்தைக் கள்ளன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்கு நஞ்சு வைத்தவன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் என் வாயால் ஒருமுறை கேட்கட்டும். கேட்ட பிறகும் அப்படித்தான் சொல்வார்கள் என்றால் சொல்லிக்கொண்டு திரியட்டும். நான் என் சொல்லை மாற்றப்போவதில்லை.

அவர் மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசுகிற மனுசன். சுனாமியில் கல்லடிப் பக்கம் இருந்த வீடும் வலையும் போயின. என் மகள் கஜானியும் போனாள். பால் மறக்கடிக்கவென்று பேத்தி கம்சாயினியை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என்னிடம் விட்டிருந்தார்கள். அதனால் அவள் தப்பினாள். அதன் பிறகு மருமகன் என் வீட்டோடு இருந்துவிட்டார். வேறு கல்யாணம் பேசி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

யுத்தக் காலத்தில் எங்கள் கரைக்குப் பற்றரியோ ஈயமோ கொண்டுவர முடியாது. பற்றரிக்குள் இருப்பதும் ஈயம்தான், அதில் துவக்குக் குண்டு வார்ப்பார்கள் என்று ஆமி தடுத்தது. நிவாரணத்தில் கிடைத்த வலைக்குக் கட்டுவதற்காக ஒரு பிடி ஈயக்குண்டை மடியில் முடிந்துகொண்டு வந்தவரைச் சோதனைச்சாவடியில் பிடித்தார்கள். “ஈயம் ஆருக்கு? வீட்டில இன்னும் வைச்சிருக்கிறியா?” இரவும் பகலும் இதே கேள்விதான். திரும்பி வந்தவரின் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அது வலை வீசுகிற கை. வெகு காலம் எண்ணெய் பூசி உருவிவிட்டேன்.

எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்ததும் ஒரு போன் கொம்பனி கோபுரம் கட்டி, அவரைக் காவலுக்கு வைத்தது. யுத்தம் முழுதாக முடிந்த அடுத்த வருசம், புகை கக்குகிற எஞ்சினைக் கழற்றிவிட்டு, வெயிலில் ஓடுகிற தகடுகள் பூட்டினார்கள். எஞ்சினோடு இருந்த பழைய பற்றரிகள் எல்லாம் பக்டரிக்குத் திரும்பிப் போய், உருகி, புதிதாக வருமாம். எங்கும் எறியமாட்டார்களாம். அதைக் கேட்டு மருமகனுக்குப் பெரிய சந்தோசம்.

“எங்கட வாவிக்குள்ள ஒரு சொட்டும் விழாது, மாமி,” என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

லொறி வந்து பற்றரிகளை ஏற்றியது. ஒன்றை மட்டும் இறக்கி வைத்தார்கள். அதன் பக்கம் வெடித்து அசிட் கசிந்தது.

“உடைஞ்சத ஏத்த ஏலாது அண்ணே. இதுக்கு வேற வண்டி வரும்,” என்றான் லொறிக்காரன்.

“மழை பெய்தா வாவிக்குள்ளதானே ஓடும்?”

“அப்ப உங்கட வீட்டில வைங்க. கொம்பனிச் சாமான், கவனம்!”

அப்படித்தான் அது எங்கள் கோழிக்கூட்டுக்கு வந்தது. வழியால் போகிறவர்கள், “என்ன வல்லிபுரண்ணே, பற்றரி முட்டை போட்டுதா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் சிரிப்பார். மாதாமாதம் கொம்பனிக்குப் போன் எடுப்பார். வருவோம் என்பார்கள். கடைசியில் ஒருத்தி, அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, இனி லொறி வராது என்று சொல்லிவிட்டாள்.

வாவிக்குள் தூக்கி எறிந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவருக்கு மனம் வரவில்லை.

“கொம்பனியும் உருக்கத்தானே போறாங்க மாமி. அதை நானே உருக்கிறன். வலைக்கும் ஆச்சு,” என்றார்.

வளவுக்குள் அடுப்பு மூட்டி, பழைய சட்டியில் உருக்கி, ஈரமண்ணில் குழி போட்டு வார்த்தார். கம்சாயினி பக்கத்தில் குந்தி ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு ஐந்து குண்டுகளை எடுத்து, எறிந்து பிடித்துக் கொக்கான் விளையாடினாள். அதே கையால் சோறும் தின்றாள். சாம்பலை அந்த வளவிலேயே கொட்டினோம். சாம்பல்தானே என்று நினைத்தோம்.

பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தது. வெளுத்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். மருமகன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம் திரும்பி வந்தார். வந்ததும் குண்டு கட்டிய வலையைச் சுருட்டிக் கூரைக்குள் சொருகினார்.

“ஏன் மருமகன் ஒளிக்கிறீங்க?”

“டொக்டரம்மா கேட்டா மாமி, வீட்டில ஈயம் இரிக்கா, பற்றரி உடைச்சீங்களா எண்டு. மருந்துக்குத்தான் கேக்கிறன், பயப்படாதீங்க எண்டும் சொன்னா. சாவடியில பிடிச்சவங்களும் அப்பிடித்தானே சொன்னவங்க? இல்லவே இல்ல எண்டிட்டன். ஒண்டும் காட்டிக்குடுக்கல்ல.”

வேர்த்துப் போயிருந்தார். ஆனாலும் ஒரு பெரிய கண்டத்தைக் கடந்து வந்தவர் மாதிரி முகம் தெளிந்திருந்தது. பிள்ளைக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மறுமொழி வர நாள் செல்லுமாம். பிள்ளை அதே வளவில், அதே சாம்பலில் விளையாடினாள்.

மறுமொழி வருவதற்கு முன் வலிப்பு வந்தது. முச்சக்கர வண்டியில் என் மடியில் கிடந்து துடித்தாள். வார்டில் டொக்டர் ஸஹீதா ஓடி வந்தார். மருந்து ஏற்றினார்கள். துடிப்பு அடங்க வெகு நேரம் சென்றது. அடங்கிய பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“உயிர் தப்பீட்டா. மூளையில பட்டது இனித் திரும்பாது. கதை பேச்சு வாறதும் கஷ்டம். இது ஈயம். எங்கேயிருந்து வந்தது எண்டுதான் அண்டைக்கும் கேட்டன்,” என்றார் டொக்டர்.

மருமகன் எழும்பினார். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி, ஒன்று விடாமல் சொன்னார்: கோழிக்கூடு, சட்டி, குழி, சாம்பல், கூரைக்குள் சொருகிய வலை. கேட்காததையும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கொம்பனிப் பற்றரியை எடுத்த கள்ளன் என்ற பேச்சு அங்கிருந்துதான் ஊருக்கு வந்தது.

முடித்துவிட்டு டொக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப எல்லாம் சொல்லிட்டன்தானே, டொக்டர்? இனிப் பிள்ளைக்கு மருந்து தருவீங்கதானே?”

டொக்டர் கட்டில் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தைச் சரிபார்த்தார். மருமகன் கட்டிய கையை அவிழ்க்காமல் பதிலுக்காக அப்படியே நின்றார்.