பானர்ஜி என்று ஒரு திருத்தணிக்காரன்

பரோட்டாக் கடையில் நண்பன், "பானர்ஜி, சால்னா போதுமா?" என்று கத்தினான். கல்லுக்கு முன்னால் நின்றிருந்த வங்காள மாஸ்டர் முகம் மலர்ந்து என்னிடம் வங்காளத்தில் பொழிய ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரிந்ததோ தமிழும் அரைகுறைத் தெலுங்கும்தான்.

அரக்கோணத்தில் நைனாவுக்கு ரயில்வே வேலை கற்றுக்கொடுத்த வங்காள அதிகாரி பானர்ஜி. அந்த நன்றியில் எனக்கு அவர் பெயரை வைத்துவிட்டார் நைனா. முருகன் பெயர் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆறவேயில்லை. மலைக்கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அம்மா "முருகன்" என்பார், நைனா "பானர்ஜி" என்பார். குருக்கள் இரட்டைப் பிள்ளையென்று நினைத்து இன்னொருவனைத் தேடுவார்.

ஒருநாள் அந்த அதிகாரியே வீட்டுக்கு வந்தார். நைனா என்னை முன்னால் தள்ளினார். "இவனுக்கு உங்க பேருதான் சார் வச்சிக்கிறேன்!"

அவர் சிரித்தார். "அது எங்க குடும்பப் பேருப்பா. என் பேரு கார்த்திக்."

காபியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "சாரு பேரை ஒழுங்கா கேட்டுக்கினு வந்திருந்தா, என் வேண்டுதல் அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

பரோட்டா மாஸ்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "உங்க பேரு இன்னாங்க?" என்றேன்.

"மண்டல்."

நான் அம்மா பிள்ளை, விடவில்லை. "அது குடும்பத்துக்கு. உங்களுக்கு?"