பூஜ்யம் போட்ட எட்டு

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தங்கச்சிமடத்தில் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன். தெரியாமல் சொன்னால் பொய் ஆகாது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்... எடுபடவில்லை.

வாரத்தில் ஒரு நாள் இந்தப் பத்தியில் உங்களோடு அரட்டை. மற்ற நாளெல்லாம் சென்னையில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். எங்கள் ஆட்களுக்கு மழைக்காக வானத்தைப் பார்க்கத் தெரியும், கடலைப் பார்க்கத் தெரியாது. அப்படிப்பட்டவள் தங்கச்சிமடம் விசைப்படகுக்காரர்கள் சங்கம் ஒன்றுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். காசு வாங்கவில்லை. அதனால் கொஞ்சம் கர்வம் இருந்தது.

வேலை எளிது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும், வரிசையாக ஒரு டோக்கன். சங்கத்து எழுத்தர் அமலன் அதை எக்செல் ஷீட்டில் ஏற்றுவார். மறுநாள் படகு கரைக்கு வந்ததும் திரும்பிய நேரத்தைப் போடுவார். என் புரோகிராம் அந்த ஷீட்டை வாசித்து, இன்னும் யார் வரவில்லை என்று சொல்லும்.

புரோகிராமின் உடம்பு சி பிளஸ் பிளஸ். மூளை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் – பிரவுசருக்குள் இருக்குமே, அந்த எஞ்சினின் பழைய பதிப்பு ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்து உள்ளே பொருத்தியிருந்தேன். எதற்கு இந்தச் சுற்றுவேலை? சங்கத்தில் விதிமுறை மாதத்துக்கு ஒன்றாக மாறும். ஒவ்வொரு தடவையும் நான் சென்னையிலிருந்து புது புரோகிராம் அனுப்ப வேண்டாம் பாருங்கள். அமலனே நோட்பேடைத் திறந்து நாலு வரி திருத்திக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆனது. எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் சங்க ஆபீசுக்குப் போயிருந்தேன். அமலன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தார். பெயர் ஆக்னஸ்.

"எங்க வீட்டுக்காரர் போட்டு இன்னும் வரலம்மா. ஜெரோம் போட்டு."

பட்டனைத் தட்டினேன். திரையில் பச்சை எழுத்து: எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன.

"வந்துட்டாங்கக்கா. இங்கன பாருங்க."

"கம்ப்யூட்டருக்கு வந்துருப்பாரு தாயி. நான் கரையிலருந்துதான் வாரேன். போட்டு கட்டுற எடம் காலியாக் கெடக்கு."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "வேற எங்கயாச்சும் கட்டியிருப்பாங்க. பயப்படாம வீட்டுக்குப் போங்க" என்றேன். திரையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து அமலன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் புரோகிராமைத் தொடவில்லை. எக்செல் ஷீட்டையே திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"மேடம்... எட்டாவது டோக்கன் ஜெரோமோடது. திரும்புன நேரம் போடலயே."

மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றுபோன படகை அந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று அந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் அப்புறம் ஆளை எந்த ஊர் ஜெயிலில் போய்ப் பார்ப்பது? அமலன் போனை எடுத்தார். இரண்டு படகுகள் கிளம்பின.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அமலன் எட்டை 8 என்று போடவில்லை. எக்செல் பூஜ்யத்தை விழுங்கிவிடாதபடி கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கி, 08 என்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சும்மா எட்டுன்னு எழுதுனா, முன்னாடி ஒரு ஒண்ணப் போட்டு பதினெட்டாக்கிருவாய்ங்க மேடம். பேப்பர் நோட்டு காலத்துலருந்தே நமக்குப் பழக்கம்." நியாயமான பழக்கம். ஆனால் என் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்கும் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் பூஜ்யம் இருந்தால், ஏழோடு நின்றுவிடும் ஒரு பழைய எண்முறையில் அதை வாசிக்கும். அந்த முறையில் எட்டும் ஒன்பதும் கிடையாது. 07 ஏழுதான். 10 பத்துதான். 08, 09 மட்டும் வெறும் பூஜ்யம்.

பூஜ்யம் வந்தால் காலி வரி, தாண்டிப் போ என்று எழுதியது யார்? நான்தான். 'புரியவில்லை' என்று சொல்லவாவது அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம். சென்னையில் 1, 2, 3 என்று நானே ஒரு ஷீட் தயாரித்து, நானே சோதித்து, நானே பாஸ் போட்டுக்கொண்டேன். திருத்துவதற்கு, 'சாதாரணப் பத்துக் கணக்கிலேயே வாசி' என்று சொல்லும் ஒரு கமாவும் ஒரு பத்தும் போதுமானதாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அதிகம் வெட்கமாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஜெரோம் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்று, நங்கூரமும் பிடிக்காமல் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்ததாம். நாலு பேரும் பத்திரம். புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்கு வந்தபோது ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஆக்னஸ் திட்டவில்லை. "நீ சொன்னேன்னு நம்பி, வீட்ல போயி உலை வச்சுட்டேன் தாயி" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜெரோம்தான் நிதானமாகக் கேட்டார். "அப்ப ஒம்பதாவது போட்டும் ஒங்க லிஸ்ட்ல இல்லயா?"

"இல்லண்ணே."

"இன்னைக்கி மட்டுமா?"

மூன்று வாரமாக, ஒவ்வொரு தடவையும், எட்டாவதாகவும் ஒன்பதாவதாகவும் டோக்கன் வாங்கிய எவருமே என் பட்டியலில் இல்லை. ஒருவருக்கும் அது தெரியவில்லை – அவர்கள் ஒழுங்காக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், நான் என் புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.