கிழட்டுக்குதிரைக்கு ஒரு நன்றிக் கடிதம்

என் அக்கா பார்சல் அலுவலகத்தில் எடை போடும் மேசையில் வேலை பார்க்கிறாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால், தராசு காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் தட்டி அலுத்துப்போய், தராசே நேராகக் கணினியிடம் எடையைச் சொல்லிவிடும்படி ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். எழுதியதோடு விட்டிருக்கலாம். யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

தராசு இல்லாத ஊர் ஏது? மருந்துக் கடை, பால் பண்ணை, ஆய்வுக்கூடம் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸுக்கு ஒரு தொகுப்பு, மேக்குக்கு ஒன்று, லினக்ஸில் மட்டும் நாலு விதம். கணினிக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதையாவது புதுப்பிப்பார்கள். உடனே எங்கேயோ ஒரு தராசு ஊமையாகிவிடும். அக்கா ஒவ்வொரு தொகுப்பையும் திரும்பக் கட்டி, ஓட்டிப் பார்த்து வெளியிட வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. நானும் அவளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு வராது, அதுதான் அவளுடைய வியாதி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை மட்டும் வந்தது. பழைய கணினிகளுக்கு இனித் தொகுப்பு கட்ட முடியாது என்று, இதைப் பயன்படுத்துகிறவர்களின் குழுவில் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடி ஜெயித்தாள். அடுத்த வாரமே ஒரு பால் பண்ணைக்காரர், எங்களிடம் இருப்பதே பழையதுதான் என்று நாலு வரி எழுதினார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. போட்ட சத்தத்தைத் திரும்ப விழுங்கவும் மானம் விடவில்லை. தன் மென்பொருளைத் தானே நகலெடுத்து, பழைய கணினிகளுக்கென்று தனிக் கிளையாக, கிழட்டுக்குதிரை என்ற புனைபெயரில் நடத்த ஆரம்பித்தாள். இந்தத் துறையில் யாரும் யாருடைய நிரலையும் இப்படிப் பிரித்துக்கொண்டு போகலாம், தப்பில்லை. ஆனால் தன்னிடமிருந்தே பிரிந்துபோன ஆள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

அதோடு நிற்கவில்லை. சந்தேகம் வரக் கூடாதென்று, குழுவில் தன் சொந்தப் பெயரில் அந்தக் கிளையை வெட்டி வேலை என்று திட்டினாள். குதிரையின் பெயரில் வந்து பதில் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து படித்த எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

இந்த வருஷம் அக்காவின் வலது கண்ணில் விழித்திரை விலக ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பிறகு இரண்டு மாதம் திரையே பார்க்கக் கூடாது. புதுத் தொகுப்பு வருகிறது, புதுத் தொகுப்பு வருகிறது என்று இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டாள். மூன்றாவது தேதியைக் குறித்துக் கொடுத்தபோது டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இதையும் தள்ளினா, அந்தக் கண்ணுல பார்வை நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விலகல் கடிதம் எழுத வைத்தேன். கண்ணைப் பற்றி எல்லாம் எழுதி, பொறுப்பை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று குழுவைக் கேட்டாள். குதிரையின் கிளையைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை. பழைய கணினிகள் மாறப்போவதில்லை; இரண்டு மாதம் சும்மா கிடக்கும். கடிதம் போன அன்று அக்கா மேசையில் ஒரு கணினியை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

அறுவைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், குழுவின் முடிவு வந்தது. அக்காவின் பதினாறு வருஷ உழைப்பைப் பாராட்டி அரைப் பக்கம். பிறகு, எல்லோரும் ஒரே மனதாகத் தேர்ந்தெடுத்தது கிழட்டுக்குதிரையை. பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஆள், இந்த நிரலை உள்ளும் புறமும் அறிந்த இன்னொருவர் அவர் மட்டும்தான் என்று எழுதியிருந்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ரெண்டும் நீதான் என்று சொல்லித் தொலை என்றேன். அவமானம் கண்ணை விடப் பெரிதா என்று கத்தினேன்.

“அவமானம் போகட்டும்டி,” என்றாள் அக்கா. “நான் சொல்லிட்டா மட்டும் யாரு செய்வா? வேற ஒருத்தர் இருந்திருந்தா, அந்தப் பேருதானே வந்திருக்கும்?”

அடுத்த புதுப்பிப்பு அறுவைக்கு மறுநாள். ஆய்வுக்கூடத் தராசுகள் எத்தனை ஊமையாகும் என்று அவளுக்குக் கணக்கு தெரியும். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நீ போன் பண்ணு என்றாள். மாட்டேன் என்றேன். அவளே பண்ணினாள்.

சாயங்காலம் குதிரையின் முகவரிக்கு இன்னொரு கடிதம் வந்தது. அந்தப் பழைய பால் பண்ணைக்காரர்தான். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ‘அந்த அம்மாவுடன் உங்களுக்கு எத்தனையோ சண்டை. இருந்தும் அவர் கண் பிழைக்க நீங்கள்தான் வழி செய்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.’

கையை எடுக்காமலே, ஒற்றை விரலால் பதில் தட்டினாள்: ‘பரவாயில்லை. அவர் ஓய்வெடுக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.’