செம்புக்கு மேல் பழுப்பு

எங்கள் அழகு நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் அவளுக்கு மக்காச்சோளம் என்று பெயர். வைத்தவள் நான்தான். "வர்றவங்க பாத்து ஆசைப்படணும்" என்று முதலாளியம்மா அவள் தலையை வெளுத்துப் பொன்னிறமாக்கிவிட்டார். வாயில்லாப் பூச்சி, மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? தேமே என்று உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் அம்மாவுக்கு மறதி முற்றியது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பொன்முடியோடு வந்து நின்றவளை அந்தம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா நீ? என் பொண்ணு முடி காப்பித்தூள் நிறமா இருக்குமே."

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இவள்தான். அந்தம்மாவோ, "யார் பெத்த பிள்ளையோ, நீ நல்லா இருக்கணும்" என்று கன்னத்தை வழிப்பாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் இவள் தன் பொன்முடியை இழுத்து இழுத்துப் பார்ப்பாள்.

"ஒரே ஒரு தடவை பாப்பான்னு கூப்பிட்டாப் போதும்க்கா. பழைய நிறம் வந்துட்டா கூப்பிடுவாங்க."

வெளுத்த முடிக்குள் சாயம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. முதலில் செம்பு நிறத்தை ஏற்றி, அதற்கு மேல்தான் பழுப்பு போட வேண்டும்; இல்லாவிட்டால் தலை பச்சையடித்துவிடும். புதிதாக வருகிற பெண்களுக்கு இவளே சொல்லித்தரும் பாடம் இது. அப்படிப்பட்டவள், ஆத்திர அவசரத்தில் வீட்டிலேயே நேராகப் பழுப்பைப் பூசிக்கொண்டாள். மறுநாள் பாசி பிடித்த தொட்டி மாதிரி வந்து நின்றாள்.

"அம்மா பாத்துட்டு அலறிட்டாங்கக்கா. மூஞ்சியக் கூட காட்ட விடல."

"அறிவிருக்காடி உனக்கு? ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறே, உன் தலைக்கு மட்டும் மறந்துபோச்சா?" வாயால் திட்டினேனே தவிர, மனசு கேட்கவில்லை.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் உட்கார வைத்தேன். செம்பு ஏறியதும் தலை தகதகவென்றது. பயந்துவிடப்போகிறாளே என்று நாற்காலியைத் திருப்பிவிட்டேன். அலசி, காயவைத்து, மேலே பழுப்பைப் போட்டேன். அசல் காப்பித்தூள் நிறம், வெயில் பட்டால் லேசாகச் சிவக்கும். கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் இருப்புக்கொள்ளாமல் கூடவே போனேன். அந்தம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா!"

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவள் ஓடிப்போய் மடியில் விழுந்தாள். அந்தம்மா அவள் தலையைத் தள்ளிவிட்டார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? இத்தனை நாளா செத்தேனா இருக்கேனான்னு ஒரு எட்டு வந்து பாத்தியா? பெத்த பொண்ணு நீ. யாரோ ஒரு பொண்ணு, தங்கமா முடி வச்சிருந்துச்சு, அதுதான் எனக்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. நீ போயிடு."

"அது நான்தாம்மா..."

"பொய் வேறயா?" முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பாவி, நான் என்னத்தைச் செய்துவிட்டேன்!

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள்.

"மறுபடி வெளுத்துவிடுக்கா."

"பைத்தியமா? உன் முடி இனிமே தாங்காதுடி. கொத்துக் கொத்தா கையோட வந்துடும்."

"அந்தப் பொண்ணு வந்தாதான் வாயத் திறப்பேன்றாங்க. நேத்திலேருந்து எதுவும் சாப்பிடலக்கா" என்றாள்.