வாசலில் ஒரு பேணி தண்ணீர்

டிலுசாவுக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்த அன்று, அவளுடைய தாய் அருளம்மா செய்த முதல் வேலை, அலுமினியப் பேணியைக் கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொட்டில் வாசலில் வைத்ததுதான். மகள் குசினிக்குள் அடுப்படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். ஏனென்று கேட்க ஆளில்லை. அவளோடு ஒன்றாகப் படித்தவள் நான்; பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பேணி செத்துப்போன றொமேசுக்கு. அவன் டிலுசாவின் அண்ணன். தொண்ணூற்றாறு மார்கழி மழைக்குள், மலேரியா மூளைக்கு ஏறி, வன்னேரிக் காட்டோரத்திலிருந்து உழவு இயந்திரம் இழுத்த பெட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் இறந்துபோனான். பெட்டி சேற்றில் புதைந்து நின்றபோது அவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்தக் காய்ச்சலுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அருளம்மா அதைக் கேட்டுக் கொடுக்காமல் விட்டார். இதெல்லாம் டிலுசா எனக்கு மட்டும் சொன்னது. அந்த வீட்டில் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில் அவன் வாசலில் நின்று தண்ணீர் கேட்பது தாய்க்குக் கேட்கும். பேணி வெளியே போகும். விடிய அதை எடுத்து, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெயில் காலத்தில் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அது போதும் அவருக்கு.

இன்னொன்றும் நடந்தது. மகனின் மூச்சு அடங்கிய பிறகு, அவன் காதோடு வாய் வைத்து, தங்கச்சியை டாக்டர் ஆக்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் கத்தோலிக்கர்; வேதக்காரர் மாதாவுக்கு நேர்த்தி வைப்பார்கள், அந்தோனியாருக்கு வைப்பார்கள். இவர் செத்த பிள்ளைக்கு வைத்துவிட்டார்.

அதன் பலனைத்தான் இப்போது அனுபவித்தோம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விரும்பும் படிப்புகளை வரிசையாக எழுதலாம். மருத்துவம் இல்லாவிட்டால் விவசாயம், அதுவும் இல்லாவிட்டால் விஞ்ஞானம். அருளம்மா இரண்டாவதை எழுத விடவில்லை.

"ரெண்டாவது எண்டு ஒண்டை எழுதினா முதலாவதிலை நம்பிக்கை இல்லையெண்டெல்லோ அர்த்தம்? அவன் பாத்துக்கொண்டிருக்கிறான்."

டிலுசா மற்ற இடங்களிலெல்லாம் கோடு கீறிவிட்டாள். மருத்துவத்துக்கு ஏழு புள்ளி குறைந்தது. அவளைவிடக் குறைய எடுத்தவர்கள் விவசாயபீடத்துக்குப் போனார்கள். அவள் எங்கும் போகவில்லை. எனக்கென்றால் நாலு பாடத்தில் மூன்று பெயில், தெரிவு செய்கிற தொல்லையே இருக்கவில்லை.

டிலுசா கடற்கரைப் பிள்ளை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து முல்லைத்தீவுக் கரையை விட்டுக் கிளம்பி, நாலைந்து இடம் மாறி, அக்கராயனில் எங்கள் வயலோரம் வந்து சேர்ந்த குடும்பம். வரம்பில் நடக்கத் தெரியாமல் சேற்றுக்குள் விழுவாள்; நாங்கள் சிரித்துக் கொல்லுவோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் படித்து மூக்கு எப்போதும் கரியாக இருக்கும். என் அப்பா மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டபோது, புண் ஆறும்வரை தினமும் வந்து கழுவிக் கட்டியவள் அவள்தான். அப்பா ஊரையே ஏசுகிற மனிதர். அவள் வந்து புண்பட்ட காலைத் தூக்கினால் மட்டும் சத்தமில்லாமல் இருப்பார்.

அழுது முடிந்த ஒரு பின்னேரம் அவளைக் குளக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சரி, அழுதது காணும். இனி என்ன இருக்கெண்டு பாப்பம். வவுனியாவிலை கல்வியியற் கல்லூரி இருக்கு. ரீச்சர் ஆகலாம்."

"எனக்குச் சத்தம் போடத் தெரியாதடி. பிள்ளையள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிடும்."

"அப்ப சோதினையை மூண்டாந்தரம் எடு. கடைசித் தரம்."

"எடுத்தா திரும்பவும் ஏழு குறையும், இல்லாட்டி எட்டு. இஞ்சை பௌதிகம் படிப்பிக்க ஆள் இல்லை, புத்தகம் இல்லை. எனக்கு என்ர அளவு தெரியும் அருந்ததி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நேர்சிங்தான் விருப்பம். இப்ப இல்லை, கொப்பற்ரை காலைக் கட்டேக்கை இருந்தே. வீட்டிலை சொல்லப் பயம்."

மட்டக்களப்பில் நேர்சிங் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பம் போட்டோம். கார்த்திகை நடுவில் நேர்முகத்துக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. ஆனால் வன்னியை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவள் திரும்பி வருவாள் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். தகப்பன் மரியநாயகத்தைக் கேட்டோம். கடலை விட்டு வந்து குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், வலையை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்.

"கொம்மா ஓமெண்டா நானும் ஓம்."

கலியாண நாளிலிருந்து இந்த ஒரு வசனத்தைத்தான் சொல்லி வருகிறார் போலும்.

அருளம்மா ஓமென்று சொல்லவில்லை. "நேர்ஸோ? டாக்குத்தருக்குப் பின்னாலை கிண்ணம் தூக்கிக்கொண்டு திரியிறதோ? அவனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்றார். அதன் பிறகு அவருக்குக் குரல் பகலிலும் கேட்கத் தொடங்கியது. சோறு போட்டுக்கொண்டிருப்பார், கரண்டியோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவன் கோபத்தோடு நிற்கிறான் என்பார். உண்மையைச் சொன்னால் நானும் அந்த வாசலைத் தனியே தாண்டப் பயந்தேன்.

நான் சைவக்காரி. இருந்தாலும் பொறுக்கமாட்டாமல் பங்குச் சுவாமியாரிடம் போனேன். நேர்த்தியை மாற்றிக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டாம்.

"மாதாவுக்கு வைச்ச நேர்த்தியெண்டா வேறை ஒண்டாய் மாத்திக் குடுப்பன் பிள்ளை. செத்த மகனுக்குக் குடுத்த வாக்கை நான் எப்பிடி மாத்துறது?"

"அப்ப ஆரைக் கேக்கிறது பாதர்?"

"கேக்கிறதெண்டா அவனைத்தான் கேக்கவேணும்" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. வேதக்காரர் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் இறந்தவர்களின் குழிகளைத் துப்புரவாக்கி விளக்கு வைக்கும் நாள். மெழுகுதிரிக்கு எங்கே போவது? போத்தல் மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரி போட்டிருந்தார்கள். டிலுசா கூப்பிட்டதால் நானும் போனேன். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அருளம்மா றொமேசின் குழியருகே குந்தி, பக்கத்து வீட்டாரோடு கதைப்பதுபோல மகனோடு கதைத்தார்.

"ஏழு புள்ளி குறைஞ்சு போச்சு மகன். கோவிக்காதை. இன்னும் ஒருக்கா எடுப்பாள். நான் விடமாட்டன்."

டிலுசா தாய்க்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அண்ணா டாக்குத்தரைக் கேக்கேல்லை."

அருளம்மா திரும்பிப் பார்த்தார்.

"நானும் பெட்டிக்குள்ளைதானே இருந்தனான். அவன்ர தலை என்ர மடியிலை. ஒருக்காலும் டாக்குத்தர் எண்டு சொல்லேல்லை. தண்ணி எண்டுதான் கேட்டவன். இப்பவும் வாசலிலை வந்து அதைத்தானே கேக்கிறான்? தண்ணி குடுக்க நேர்ஸ் காணும் அம்மா."

அந்த வீட்டில் இரண்டு வருடமாக யாரும் தொடாத இடத்தை அவள் தொட்டுவிட்டாள். தாய் எழுந்து அடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் காற்றில் சாய்ந்த திரியை விரலால் தூண்டிவிட்டார்.

"கேட்ட உடனை குடுப்பியோ?"

"ஓம்."

"பக்கத்திலை நிக்கிறவை குடுக்க வேண்டாமெண்டு சொன்னா?"

படித்தவள் அவள். எந்த நோய்க்கு எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது என்று விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"குடுப்பன்."

அருளம்மா குழியின் மண்ணில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "நான் குடுக்கேல்லையடி" என்றார். "என்ர பிள்ளை கேக்கக் கேக்க நான் குடுக்கேல்லை." பிறகு அவர் அழுத அழுகையை என் எதிரியும் கேட்கக்கூடாது. மரியநாயகம் சேமக்காலை வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

விடிந்ததும் அருளம்மா தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, தானே நடந்து போய் மகளுக்குப் பிணை நின்றார். அடுத்த கிழமை டிலுசா ஒரு பையோடு புறப்பட்டாள். மன்னார்ப் பக்கமாகச் சுற்றி, சோதனைகளெல்லாம் தாண்டி, வவுனியா போய், அங்கிருந்து மட்டக்களப்பு. தகப்பனின் சைக்கிளின் பின்னால் இருந்தபடி என்னைப் பார்த்து, "அம்மாவைப் பாத்துக்கொள்ளடி" என்றாள். நான் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன்.

அவள் போன அன்று மைம்மல் பொழுதில் அங்கே போனேன். வாசலில் பேணி இருந்தது. எல்லாம் வீண் என்று நினைத்தேன். அருளம்மா வெளியே வந்தார். வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து பேணியை எடுத்து என் கையில் தந்தார்.

"குடி."

"மாமி, இது அவருக்கெல்லோ..."

"அவன் பிறகு வருவான். நீ முதல் குடி."

நின்ற நிலையிலேயே குடித்தேன். நான் குடித்து முடியும்வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேணியைத் திருப்பி வாங்கி, அடியைப் பார்த்துவிட்டு, "இன்னும் வேணுமோ?" என்று கேட்டார்.